குடிபுகுந்த நாளின் கேசட்

கேசட்டை உள்ளே வைத்து மூடியதும் பழைய ஹேண்டிகேமுக்குள் ஏதோ கரகரவென்று அரைபட்டது. நித்தீஷ் பதறி எழுந்துவிட்டான். ஸ்டுடியோக்காரர் சண்முகவேல் கையமர்த்தினார்.

"உக்காருங்க தம்பி. இத்தன வருசம் பீரோவுக்குள்ள கெடந்த டேப்பு, மொதல்ல அப்படித்தானுங்க முனகும்."

வீரபாண்டியில் இவரிடம்தான் இந்த வகைக் கேசட்டை ஓட்டும் கேமரா இன்னும் உயிரோடு இருந்தது. அதிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. பென்டிரைவில் காப்பி எடுப்பதுபோல் சட்டென்று இழுத்துவிட முடியாதாம். ஒரு மணி நேரக் கேசட் ஒரு மணி நேரம் ஓடித்தான் ஏறுமாம். நித்தீஷ் வேண்டிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் வந்திருந்தான். அதுவும் தனியாக. ஆனால் அம்மா விடவில்லை. "நானும் வர்றேன் சாமி, உங்கப்பன் நடமாடறதப் பாத்து எத்தன காலமாச்சு" என்று சேலை மாற்றிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

எதற்காக இந்தக் கேசட் என்று அம்மா நல்லம்மாளிடம் அவன் சொல்லவில்லை. மனைவி சுபஸ்ரீயிடம்கூடச் சொல்லவில்லை. முதலிபாளையத்து பனியன் கம்பெனியில் துணி வெட்டுவதற்கான பேட்டனைக் கம்ப்யூட்டரில் வரைவது அவன் வேலை. சில மாதங்களாக மவுஸ் தானாகத் துள்ளியது. திரையில் பனியனின் கழுத்து வளைவு கோணிக்கொண்டு போயிற்று. தூக்கமில்லாததால் என்று நினைத்தான். பிறகு சும்மா இருக்கும்போதும் விரல்கள் எதையோ மீட்டுவதுபோல் அசைவதைப் பார்த்தான். கோயமுத்தூர் நரம்பு டாக்டர் அவனை நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், அப்பாவுக்கு இப்படி இருந்ததா என்று கேட்டார்.

"எங்கப்பா குடிப்பாருங்க. தள்ளாடுவாரு."

"குடிச்சத நீங்க பாத்திருக்கீங்களா?"

அவன் பார்த்ததில்லை. ஊரே சொன்னது. அப்பா பல்லடம் ரோட்டில் லாரிக்கடியில் விழுந்து செத்தபோதும் போதையில் விழுந்தான் என்றுதான் சொன்னது. குடியை நிறுத்த அம்மாவே ரசத்தில் மருந்து கலந்து கொடுத்திருக்கிறாள்.

"சில வியாதி ரத்தத்துலயே வரும். அவர் நடக்கிற வீடியோ இருந்தா கொண்டு வாங்க. அப்புறம் உங்க குழந்தையப் பத்தியும் பேசணும்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து நான்கு வயது மகள் கலர் பென்சில் பிடிக்கும்போதெல்லாம் அவன் அவள் விரல்களையே பார்த்தான்.

திரையில் நீலம் மறைந்து புதுவீட்டு வாசல் வந்தது. வாழை மரம், ஷாமியானா, பட்டு வேட்டியில் அப்பா. நல்லம்மாள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பாரு கண்ணு, எப்படி இருக்காருன்னு."

அப்பா திருமூர்த்தி கைகூப்பி எல்லோரையும் உள்ளே அழைத்தார். பசுவைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நடை நேராகத்தான் இருந்தது. நித்தீஷ் மூச்சை விட்டான். ஒன்றுமில்லை. டாக்டர் வீணாகப் பயமுறுத்துகிறார்.

பந்தி வந்தது. அப்பா பாயசம் ஊற்றினார். கரண்டி இலையைத் தவறவிட்டு யாரோ ஒருவர் மடியில் சாய்ந்தது. "என்ன மாப்ள, காலைலயே ஆரம்பிச்சாச்சா?" என்று ஒரு குரல். பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நல்லம்மாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு படம் ஆடி, ஓர் அறையில் நிலைத்தது. வீடியோக்காரர் சாப்பிடப் போகும் அவசரத்தில் கேமராவை அணைக்காமல் ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. வெற்றுக் கட்டில். வெளியே மேளம்.

அப்பா வந்தார். கதவைச் சாத்தினார். சாத்தியதும் அவர் உடம்பு கட்டவிழ்ந்த மாதிரி ஆயிற்று. தோள் வெட்டியது. கால் தரையைத் தேய்த்தது. கட்டிலில் உட்கார்ந்தார், மடியில் கிடந்த விரல்கள் தம்பாட்டுக்குத் துள்ளின. வேறொருவர் கையைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் வலது கையை மெல்லத் தொடைக்கடியில் செருகி அதன்மேல் அமர்ந்தார்.

நித்தீஷ் குனிந்து பார்த்தான். அவனுடைய வலது கையும் தொடைக்கடியில் இருந்தது. எப்போது அங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"வெடியால இருந்து பூசைல என்ற பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு" என்றாள் நல்லம்மாள். "வெரதம். பச்சத்தண்ணி கூட வாயில படல. பந்தி பரிமாறத்தான் எந்திரிச்சாரு. எப்பக் குடிச்சாரு?"

அவள் திரும்பி மகனைப் பார்த்தாள். பார்வை முகத்திலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து நாற்காலிக்கும் இறங்கியது.

"கைய எடு சாமி."

அவன் எடுக்கவில்லை.

"உன்ற கையக் காட்டு கண்ணு."

சண்முகவேல் தயங்கினார். "ஏனுங்க, நிறுத்தட்டுங்களா?"

கேசட் ஓடிக்கொண்டே இருந்தது.

திரையில் அப்பா நிமிர்ந்தார். கேமராவின் சிவப்பு விளக்கைக் கண்டுவிட்டார். முகம் வெளிறியது. எழுந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தார். வர வர முகம் பெரிதாகித் திரையை அடைத்தது. நெற்றியில் திருநீறும் வியர்வையும். கையைக் கேமராவின் பின்பக்கம் விட்டு அணைக்கும் பொத்தானைத் தேடினார். விரல் நழுவியது. கேமராவில் இடித்தது. அப்பாவின் முகம் குலுங்கிக் குலுங்கி நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் விரலைக் கொண்டுபோனார். அந்த அறைக் கதவை வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள்.