வாட்டம் விடாத தளம்

கொத்தனாருக்கு முதுகெலும்பில் யாரோ கடப்பாரையை விட்டு நெம்புவது போலிருந்தது. பகலெல்லாம் சாந்து பூசிவிட்டுக் கை கால் கழுவியும் கழுவாமலும் கூட்டத்துக்கு ஓடி வந்திருந்தார். பஹாய் மதத்தாரின் ஒன்பது பேர் கொண்ட உள்ளூர்ச் சபையில் அவரும் ஒருவர். அவராகத் தேர்தலில் நிற்கவில்லை, அங்கே யாரும் நிற்பதில்லை, ஓட்டும் கேட்பதில்லை. ஒவ்வொருவரும் சீட்டில் ஒன்பது பெயர் எழுதிப் போடுவார்கள். மாட்டியவர் மாட்டியவர்தான்.

பிரார்த்தனை முடிந்தது. மறுபடியும் அதே பேச்சு: குழந்தைகள் வகுப்பு நடக்கும் அறை ஒழுகுகிறது. மூன்றாவது கூட்டமாக இதே பாட்டு.

"காத்தோட்டம் போதலையோ என்னமோ," என்றார் செயலாளர், ஓய்வுபெற்ற தபால்காரர்.

"மழை முடியிற வரைக்கும் வகுப்ப நிறுத்திடலாமா?" என்றாள் நர்ஸ்.

வகுப்பு எடுக்கும் தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு தடவை நிறுத்தினால் பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

கொத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, ஒழுகுற தளத்துக்குக் காத்தோட்டம் என்னங்க பண்ணும்? போன தடவையே சொன்னேன், வாடகை வாங்குற வீட்டுக்காரனப் புடிங்கன்னு. தளம் போட்டவன் எவன்? தண்ணி ஓட வாட்டம் விடாம போட்டிருக்கான், களவாணி. அவன் கையில கரண்டியக் குடுத்தவன மொதல்ல ஒதைக்கணும்!"

ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் டம்ளருக்குள் பார்த்தார். ஆட்டோக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"அண்ணே," என்றாள் தையல்காரி மெல்ல. "நீங்க வெளியூர் வேலைக்குப் போயிருந்தப்பவே வாடகை எடத்த விட்டாச்சு. வகுப்பு எங்க வீட்டுப் பின்னறையிலதான் நடக்குது."

அவள் வீட்டுப் பின்னறை. போன கோடையில் சேவை என்று கூலி வாங்காமல் அவரே போட்டுக் கொடுத்த தளம். மறுநாள் வெளியூர் வேலை என்று, இருட்டுவதற்குள் இழுத்து மூடிய தளம்.

"ஏம்மா, மொத மழையிலயே எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சும்மா செஞ்சு குடுத்தவர்கிட்ட எந்த வாயால சொல்றது? மத்தவங்ககிட்டச் சொன்னா புறம் பேசுனதாயிடும். சபையில வெச்சா தானா வெளங்கிடும்னு நெனச்சேன்."

"வெளங்கிச்சா? மூணு கூட்டமா கத்துனது நான்தானே!"

"அதுலதான் எங்களுக்கு இன்னும் சங்கடமாப் போச்சு," என்றார் தபால்காரர்.

ஒன்பது பேர், ஒரு உண்மை. அதைத் தொட ஒரு கை நீளவில்லை. நல்லவர்களோடு மாரடிப்பதுபோல் கொடுமை உண்டா என்று கொத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வகுப்ப ஒரு நாளும் நிறுத்த வேணாம்," என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் வேலையைச் சீக்கிரம் முடித்து, வெளிச்சம் இருக்கும்போதே அவள் வீட்டு ஏணியில் ஏறினார். தளத்தின் நடுவில் நேற்றைய மழை அசையாமல் கிடந்தது. கையால் தள்ளிப் பார்த்தார். போய்விட்டு அவர் பக்கமே திரும்பி வந்தது. கீழே, கொடியில் போட்டிருந்த பிள்ளைகளின் பாய்களை அவள் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். இத்தனை மழைக்கும் அந்தத் தரையை ஒற்றையாளாகத் துடைத்தவள்.

"நாளைக்குச் சிமெண்டோட வர்றேன்மா," என்றார் மேலிருந்து.

"சரிண்ணே."

சொல்ல வேண்டியது அதுவல்ல என்று அவருக்குத் தெரியும். இறங்கி, அவள் முகத்தைப் பாராமல் நடந்தார். தளத்தை நாளை சரிசெய்துவிடலாம். அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி.