கங்கை என்று காட்டிய ஆறு

கைபேசி ஒலித்தபோது ஹேமாவதி படகில் ஒரு காலும் படித்துறையில் ஒரு காலுமாக நின்றிருந்தாள். வியட்நாமில் ஹோய் ஆன் என்கிற சின்ன ஊர். பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது. ஆற்றின் இரு கரைகளிலும் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் காகித விளக்குகளை ஏற்றியிருந்தார்கள். கூம்புத் தொப்பி போட்ட படகுக்காரப் பெண்மணி ஒரு கையால் அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, தண்ணீரில் விடுவதற்கான சின்ன விளக்கை இன்னொரு கையால் நீட்டினாள். முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்ட சம்பந்தம், வா என்பதுபோலப் பலகையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். திரையில் ரஞ்சித்குமார் என்று பெயர் வந்தது. சம்பந்தத்தின் அண்ணன் மகன். வீடியோ அழைப்பு.

வெளியூரில் இருக்கும்போது வீடியோ அழைப்பை அவள் எடுப்பதே இல்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டு, அப்புறம் வெறும் குரலில் கூப்பிடுவாள். அன்றைக்கும் துண்டித்தாள். உடனே மறுபடி வந்தது. மறுபடியும். நான்காவது தடவை அவள் முகத்தை மட்டும் காட்டி எடுத்தாள். ரஞ்சித்குமாரின் கண்கள் சிவந்திருந்தன. காலையில் நெஞ்சு வலி என்று நைனா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டதாகவும், பொன்னேரியில் பார்த்துவிட்டு உடனே சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னதாகவும், இப்போது நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யப்போவதாகவும் மூச்சு வாங்கச் சொன்னான்.

"உள்ள கூட்டிட்டுப் போவப் போறாங்க சின்னம்மா. அதுக்கு முன்னாடி கங்கைய ஒரு தரம் பாக்கணும்னு கேக்குறாரு. போனைத் திருப்பிக் காட்டுங்க."

சொந்த ஊரான திருப்பாலைவனத்தில் அத்தனை பேரையும் பொறுத்தவரை ஹேமாவதியும் சம்பந்தமும் காசியில் இருந்தார்கள்.

அவள் கணவரைப் பார்த்தாள். படகில் எழுந்து நின்றுவிட்ட அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே மறந்துபோய்க் கிடந்தது. யோசிக்க நேரமில்லை. கைபேசியில் தெரிந்த ஸ்ட்ரெச்சரின் பக்கத்தில் பச்சை உடுப்பு போட்டவர்கள் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஹேமாவதி கேமராவை ஆற்றின் பக்கம் திருப்பினாள். மூக்கில் குழாயோடு கிடந்த ரஞ்சித்குமாரின் அப்பா நீலமேகம் இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார்.

"எவ்ளோ வெளக்கு," என்றார். "எம்பேரைச் சொல்லி ஒண்ணு வுடும்மா."

படகுக்காரப் பெண்மணியிடமிருந்து விளக்கை வாங்கி, குனிந்து, நீலமேகம் என்று சத்தமாகச் சொல்லித் தண்ணீரில் விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றி நகர்ந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்கள். அழைப்பு அறுபடுவதற்கு முன் அவள் ஒன்றைக் கவனித்தாள். ஆஸ்பத்திரி ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்திலோ நல்ல இருட்டு.

இந்தப் பொய்க்கு ஒரு தொடக்கம் உண்டு. ஹேமாவதிக்கும் சம்பந்தத்துக்கும் பிள்ளை இல்லை. அப்பா போன பிறகு சம்பந்தத்தை வளர்த்து ஆளாக்கியது அண்ணன் நீலமேகம்தான். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒட்டினாற்போல நெல் வயல். முதன்முதலாகக் கடல் தாண்டியது இலங்கைக்கு. பொன்னேரியிலிருந்து கதிர்காமத்துக்கு ஒரு கூட்டம் போனது, இவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சாமி கும்பிட்ட பிறகு பஸ்ஸை மலைக்கு விட்டார்கள். பனி மூடிய ஒரு வளைவில், டீ தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சம்பந்தம் கீழே தெரிந்த பள்ளத்தாக்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளிடம், "இன்னும் எவ்ளோ ஊரு இருக்கும் ஹேமா?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் கேட்ட கேள்விகளெல்லாம் சோறு ஆச்சா, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா என்கிற வகைதான். இது வேறு மாதிரிக் கேள்வி. அன்றிலிருந்து இருவருக்கும் உள்ளே ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது.

அடுத்து மலேசியா போயிருந்தபோது ஊரில் மழை பிடித்து, அறுவடைக்கு நின்ற இவர்களுடைய நெல் சாய்ந்துவிட்டது. நீலமேகம் முழங்கால் தண்ணீரில் ஆள் விட்டு அறுத்துக் கரையேற்றினார். திரும்பி வந்தவர்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. "சாமி பாக்கப் போயிருந்தா பரவால்ல. ஊர் சுத்தப் போயிட்டீங்களே," என்று மட்டும் சொன்னார். சம்பந்தம் அன்று சாப்பிடவில்லை. இனி எங்கும் போவதில்லை என்றுதான் நினைத்தார்கள். அடுத்த அறுவடை முடிந்ததும் மனம் கேட்கவில்லை. ஊராரிடம் சொல்லும்போது தாய்லாந்து பண்டரிபுரம் ஆயிற்று. கம்போடியா பூரி ஆயிற்று. பாஸ்போர்ட்டுகள் அரிசி டிரம்மின் அடியில் கிடந்தன. திரும்பும் வழியில் சென்னையில் குங்குமமும் கல்கண்டும் வாங்கிப் பிரசாதம் என்று கொடுப்பாள். நீலமேகத்தின் மனைவி பொன்னியம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது ஹேமாவதி வேறு பக்கம் பார்ப்பாள்.

ஆனாலும் அந்த நாட்களுக்காக எந்தப் பொய்யையும் சொல்லலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றும். பேர் தெரியாத பழத்தை எப்படித் தின்பது என்று தெரியாமல் தோலோடு கடித்துவிட்டு இருவரும் துப்பிய நாள். வழி தவறிப் போய், ஒரு தையற்காரர் கடையில் உட்கார்ந்து மழை விடும்வரை அவரோடு ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலேயே பேசிக்கொண்டிருந்த நாள். ஊரில் வாய் திறக்காத சம்பந்தம் அங்கே எல்லோரிடமும் தமிழில் பேசினார். எத்தனை பிள்ளை என்று அங்கே யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குப் புரிந்திருக்காது. வளைகாப்பு வீட்டுக்குள் நுழையும்போது ஏற்படும் அந்தத் தயக்கம் எந்த அயல்நாட்டு வாசலிலும் ஏற்பட்டதில்லை.

கிடைத்த விமானத்தைப் பிடித்து வந்து சேர்ந்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு நீலமேகம் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் கங்கையைப் பற்றிச் சொன்னார். கலர் கலராக விளக்கு எரிந்ததையும், தன் பேர் சொல்லி விட்ட விளக்கு அணையாமல் போனதையும், அதைப் பார்த்ததும் பயம் விட்டுப்போனதையும் சொன்னார். கேட்டவர்கள் ஹேமாவதியைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ரஞ்சித்குமார் மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவான். அவளிடம் பேசுவதையே குறைத்துவிட்டான். அவன் இடுப்புயரம் இருந்தபோதிலிருந்து அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. எப்போது வெடிக்கும் என்பதுதான் தெரியவில்லை. அவன் வண்டிச் சத்தம் கேட்டாலே அவள் வீட்டுக்குள் போய்விடுவாள்.

ஒரு நாள் நீலமேகம், மாட்டுப் பொங்கல் கழிந்ததும் காசிக்குப் போகவேண்டும் என்றார். தம்பியும் ஹேமாவும் கூட்டிக்கொண்டு போகட்டும், அதே படித்துறையில் தன் கையாலேயே ஒரு விளக்கு விடவேண்டும். ரஞ்சித்குமாரைக் கூப்பிட்டு டிக்கெட் போடச் சொன்னார்.

மறுநாள் காலை அவருக்கு மீன் வாங்க ரஞ்சித்குமார் ஏரிக்கரையிலிருக்கும் தோணிரேவுக்குக் கிளம்பினான். நீங்களும் வாங்க என்று ஹேமாவதியைக் கூப்பிட்டான். ஏரிக்கரையில் படகுகள் வந்து நின்றிருந்தன. வலையிலிருந்து மடவை மீனை உருவிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏரி தகடு போல அசையாமல் கிடந்தது. அவள் பேரம் பேசி வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தவன், பையை வாங்கி வண்டியில் மாட்டிவிட்டு, அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"ஆஸ்பத்திரில அவ்ளோ வெயில் அடிக்குது. காசியில மட்டும் எப்டி சின்னம்மா இருட்டிச்சு?"

அவள் வண்டியில் தொங்கிய மீன் பையைப் பார்த்தாள்.

"தொப்பி போட்ட அந்தம்மாவையும் பாத்தேன். நீங்க எங்க வேணா போங்க, எனக்கு ஒண்ணியும் இல்ல. ஆனா நைனா பொழைப்பாரா மாட்டாரான்னு கெடக்கும்போது, நான் கையில போனைப் புடிச்சிகினு அந்தப் பொய்யக் காட்டிகினு நின்னேன். இப்ப டிக்கெட்டும் நானே போடணும்." ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, "ஞாயித்துக்கிழம வரைக்கும் பாப்பேன். நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்," என்றான்.

அன்று மத்தியானம் சம்பந்தத்திடம் சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சொல்லவே கூடாது என்றார். அறுத்துத் தைத்த நெஞ்சு, தாங்காது. ரஞ்சித்திடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். அண்ணனைக் காசிக்கே கூட்டிப் போய்விடலாம், கலர் விளக்கு எங்கே என்று கேட்டால் அது அப்போதைய திருவிழாவுக்கு வைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். எல்லாவற்றையும் முன்பே யோசித்து வைத்தவர் போல வேகமாகப் பேசினார். கடைசியில் குரல் தணிந்தது.

"அதோட போதும் ஹேமா. இனிமே எங்கியும் வேணாம்."

கை கழுவ எழுந்து போனார். ஹேமாவதி அவர் தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடிபடுவதைவிட இந்தச் சொல்தான் அவளை அதிகமாக உலுக்கியது. காசிக்குப் போய் இன்னொரு பொய்யையும் சொல்லிவிட்டு வந்தால், அதற்குப் பிறகு அவரால் எங்குமே போக முடியாது. மலை வளைவில் டீ தம்ளரோடு நின்ற மனிதர் அத்துடன் முடிந்துபோவார். அண்ணனுக்காக உண்மையைச் சொல்லவேண்டும் என்று அவள் நினைத்தாளா, தனக்காகவா என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை சம்பந்தம் உரம் வாங்கக் கிளம்பியதும் வேப்பமரத்தடிக்குப் போனாள். பொன்னியம்மாள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஹேமாவதி முக்காலியை இழுத்து நீலமேகத்தின் எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவருக்கு முன்னால் அவள் அப்படி உட்கார்ந்ததே இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாமா, அன்னிக்கு நான் காட்டுனது கங்கை இல்ல."

அவருக்குப் புரியவில்லை. அவள் திரும்பவும் சொன்னாள். காசிக்கே போகவில்லை என்றும், அது வேறொரு நாட்டில் ஓடுகிற ஆறு என்றும் சொன்னாள். நீலமேகத்தின் கை மெல்ல எழுந்து சட்டைக்கு மேலாகத் தையல் மேல் போய் நின்றது. பொன்னியம்மாளைக் கூப்பிட எழுந்தவளை அவர் மற்றக் கையால் உட்காரச் சொன்னார். மூச்சு சீராகத்தான் வந்தது.

"அப்ப நான் எதைக் கும்பிட்டேன்?"

அந்த ஆற்றின் பேர் அவளுக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ஊரின் பேரைச் சொன்னாள்.

"பண்டரிபுரம்?"

"அதுவும் போவல."

"பூரி?"

தலையை ஆட்டினாள். துணி துவைக்கிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"எதுக்கு மறைச்சீங்க?"

"நீங்க சொன்னீங்களே மாமா. சாமி பாக்கப் போயிருந்தா பரவால்லன்னு."

அவர் புருவத்தைச் சுருக்கினார். "நான் சொன்னேனா?" என்றார். பொய்யாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. இத்தனை வருஷம் இரண்டு பேரைப் பயந்து ஒடுங்க வைத்த சொல், சொன்னவரிடம் தங்கவே இல்லை. ஹேமாவதிக்கு அழுகை வரும்போல இருந்தது. வரவில்லை.

"இதெல்லாம் போட்டோ புடிச்சி வெச்சிருப்பியே. காட்டு."

அவள் கைபேசியைத் திறந்து, யாரும் பார்க்காதபடி பூட்டி வைத்திருந்த படங்களை எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தடித்த விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். எதற்கும் நிற்கவில்லை. எதையும் கேட்கவில்லை. கோபுரங்கள், சந்தைகள், ரயில்கள், மேகத்துக்குள் போகிற கம்பி வண்டி எல்லாம் ஒரே வேகத்தில் போயின. திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் மாறிக்கொண்டே இருந்தது. அந்த முகத்தில் அவளால் எதையும் படிக்க முடியவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. பின்னால் உர மூட்டையோடு சம்பந்தம். மரத்தடியில் அவள் முக்காலியில் உட்கார்ந்திருப்பதையும், அண்ணன் கையில் அவள் கைபேசி இருப்பதையும் பார்த்தார். இறங்கவில்லை. வண்டியை அணைக்கவும் இல்லை. கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார்.

நீலமேகத்தின் விரல் ஒரு படத்தில் நின்றது. எங்கோ ஒரு நாட்டின் வயலில், முழங்கால் சேற்றில் இறங்கி, கையில் ஒரு பிடி நாற்றோடு, யாரோ ஒரு கிழவரின் தோளில் கை போட்டுக்கொண்டு சம்பந்தம் வாய்விட்டுச் சிரிக்கிற படம். நீலமேகம் இரண்டு விரல்களை வைத்து அதைப் பெரிதாக்கினார். வயல் மறைந்தது, கிழவர் மறைந்தார், தம்பியின் முகம் மட்டும் திரை முழுக்க வந்தது. இன்னும் பெரிதாக்கினார். வாசலில் வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. அவர் தலை நிமிரவில்லை.