பின்சக்கரத்தின் சத்தம்

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, சந்தை உண்டு. இது ஜூலை மாசம். நாம கொலராடோவுல இருக்கோம். மத்தியானம் நீ வாங்கிட்டு வந்த பர்ரிட்டோவுல பீன்ஸ் வேகவே இல்ல. போதுமா டாக்டரம்மா, இல்ல நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சுக் காட்டட்டுமா?"

"சும்மாதான் கேட்டேன். தக்காளி வாங்கணும்..."

"உன் தக்காளியப் பத்தி எனக்குத் தெரியாதா? போன வாரம் ஜனாதிபதி பேரைக் கேட்ட. அதுவும் தக்காளி வாங்கத்தானா?"

சும்மாதான் கேட்டாளாம்... சும்மா கேட்கிறவள் பதில் வரும்வரை இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டா இருப்பாள், மார்னிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது, கம்பிவடத்தில் மலையேறும் லிஃப்ட் நாற்காலி கம்பத்துச் சக்கரங்களைக் கடக்கும்போது கடகடவென்று குலுங்கியது, பக்கத்தில் அவள் கணவன் வெண்டல் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், முன்னால் போகிற நாற்காலியின் கொக்கிகளில் அவர்களுடைய இரண்டு சைக்கிள்களும் தொங்கிக்கொண்டு போயின, காலடியில் சரிவு முழுக்கப் புல்லும் மஞ்சள் பூக்களும், குளிர்காலத்தில் யாரோ தவறவிட்ட கையுறை ஒன்று, வளைந்த பனிச்சறுக்குக் கம்பு ஒன்று, பனி உருகியதும் இந்த மலை எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். அவன் காலை ஆட்டுவதுகூட அவளுக்குப் பிடிக்கவில்லை, நாற்காலி ஆடுகிறதே, தடுப்புக் கம்பி சரியாக இறங்கியிருக்கிறதா... இறங்கித்தான் இருக்கிறது, இரண்டு தடவை பார்த்தாயிற்று. பதினைந்து வருஷமாக இதே லிஃப்ட்டில் போகிறார்கள், ஒரு நாளாவது கம்பியைப் பார்த்திருப்பாளா? அவன் இந்த மலையில் சைக்கிள் தடம் வெட்டுகிறவன், மண்வெட்டியும் கோடரியுமாகக் கோடையெல்லாம் காட்டுக்குள் கிடந்து ஒற்றையடித் தடங்களை மரங்களுக்கு நடுவே நெளித்து நெளித்து இழுத்துவந்தவன், எந்த வளைவில் தண்ணீர் தேங்கும், எந்த வேர் மழைக்குப் பிறகு சோப்பு மாதிரி வழுக்கும் என்று அவனுக்குத் தெரியும், அப்படிப்பட்டவன்தான் போன ஆகஸ்டில், குதிப்பதற்கென்று தானே ஆணியடித்த மரப்பலகையிலிருந்து, தானே வெட்டிய தடத்தில், தலைகீழாக விழுந்தான். அந்தத் தடத்துக்குப் பெயர் 'பல் வைத்தியர்'. இறங்கி முடிப்பதற்குள் பல்லெல்லாம் ஆடிவிடும் என்று அவன் கூட்டாளிகள் வைத்த பெயர். இப்போது அதில்தான் இறங்கப் போகிறார்கள்.

தலைக்கு வந்தது ஹெல்மெட்டோடு போயிற்று என்று ஊரே சொன்னது, ஆனால் போகவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு நாயை யாராவது வெளியே விட்டீர்களா, நாயை யாராவது வெளியே விட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தான், அந்த நாய் செத்து எத்தனையோ வருஷம்... அப்புறம் வீட்டில் திரைச்சீலை போட்ட அறை, வெளிச்சம் பட்டால் வாந்தி, தட்டில் கரண்டி பட்டால் காதைப் பொத்திக்கொள்வான், அவள் கரண்டிகளைத் துணியில் சுற்றி வைத்தாள், செருப்பில்லாமல் நடந்தாள், பனிச்சறுக்குக் காலணிக் கடையில் நாளெல்லாம் ஊரார் பாதங்களை அளந்துவிட்டு வீடு திரும்பினால் கதவைத் திறப்பதற்கு முன்பு அதில் காதை வைத்துக் கேட்பாள், மூச்சு வருகிறதா, சீராக வருகிறதா, கட்டில் கிரீச்சிடுகிறதா. அந்தக் குளிர்காலத்தில் அவள் ஒரு காதாக மாறிப்போனாள். கண், கை, கால் எல்லாம் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த உதிரிகள். டென்வர் டாக்டர் தலை ஸ்கேனைப் பார்த்துவிட்டு, சைக்கிள் ஓட்டலாம், ஆனால் இன்னொரு அடி வேண்டாம் என்றார். இன்னொரு அடி வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? அடி என்ன சொல்லிவிட்டா வருகிறது? வெண்டலுக்கு முதல் பாதி மட்டும்தான் கேட்டது, அவளுக்கு இரண்டாம் பாதி மட்டும்.

காலையில் சுலபமான தடங்களில் இறங்கியபோது அவள் பின்னால்தான் போவதாக இருந்தது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ பின்னால வந்தா முதுகுல ஊசி குத்துற மாதிரி இருக்கு. முன்னால போ" என்றான். முன்னால் போனால் பார்க்க முடியாது, பார்க்க முடியாவிட்டால் என்ன, கேட்கலாமே... அவன் பின்சக்கரத்து ஃப்ரீவீல் ஊருக்கே பிரசித்தம், மிதிக்காமல் உருள விட்டால் சில்வண்டுக் கூட்டம்போலக் கத்தும், மிதித்தால் அடங்கும். கத்தினால் உருண்டு வருகிறான், அடங்கினால் மிதிக்கிறான், அடங்கி அடங்கியே இருந்தால்... அதனால் ஒவ்வொரு வளைவிலும் அவள் பாதிக் கவனத்தைப் பின்னால் விட்டுவிட்டு ஓட்டினாள், அடங்கிய இடத்திலெல்லாம் "வெண்?" என்று கத்தினாள், "இருக்கேன், இன்னும் சாகல" என்று பதில் வந்தது, அடுத்த வளைவில் மறுபடியும் "வெண்?", இந்தத் தடவை "இப்ப செத்துட்டேன், முன்னாடி பாத்து ஓட்டு" என்றான், பின்னால் வந்த யாரோ சிரித்தார்கள்.

அடிவாரத்தில் இவர்களை ஏற்றிவிடும்போது லிஃப்ட்டை இயக்குகிற ஹட்லி என்ற பெண் வானத்தைப் பார்த்துவிட்டு, "மேகம் கறுக்குது, மின்னல் வெட்டுனா நிறுத்திருவேன், அதனால இதுதான் கடை..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த மலையில் கடைசி இறக்கம் என்று யாரும் வாயால் சொல்வதில்லை, சொன்னால் அதுவே கடைசியாகிவிடும். "இன்னும் ரெண்டு போவோம், அதுல ரெண்டாவத விட்டுருவோம்" என்று வெண்டல் சரியான முறையில் திருத்தினான், ஹட்லி அபசகுனம் விலக மரக் கம்பத்தைத் தட்டினாள். இவர்களெல்லாம் சிரித்துக்கொண்டே எவ்வளவு பயப்படுகிறார்கள்...

உச்சியில் காற்று. மேற்கே முகடுகளுக்குப் பின்னால் வானம் ஈயம்போல இருந்தது. வெண்டல் சைக்கிளைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தரையில் உருட்டாமல் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான், பலம் திரும்பிவிட்டதைக் காட்டுகிறானாக்கும் என்று நினைத்தாள். "முன்னால போ," என்றான். "நின்னு நின்னு போகாத. நான் பின்னாலயே வரேன்." அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மரங்களுக்குள் நுழைந்தாள், நுழைந்ததும் காற்று நின்றது, ஊசியிலை வாசம், முன்சக்கரத்துக்கடியில் பொடிக்கல் சரசரத்தது, முதல் கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது, இங்கே கொஞ்சம் ஏற்றம், மிதிக்க வேண்டிய இடம், அவனும் மிதிப்பான், சத்தம் இருக்காது, சரி... ஓடைப் பாலம் தாண்டினால் இறக்கம், அங்கே கேட்கும். பாலத்துப் பலகைகள் தடதடத்தன. இறக்கம் வந்தது. கேட்கவில்லை. ஹெல்மெட் காதை அடைக்கிறதோ? பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள், தன் மூச்சு, தன் சங்கிலி, எங்கோ ஒரு மரங்கொத்தி. கேட்கவில்லை. பாலத்திலேயே நின்றுவிட்டானோ, சங்கிலி கழன்றதோ, இல்லை போன ஆகஸ்டில் விழுந்த அந்தப் பலகை... அந்தப் பலகை இன்னும் கீழேதானே இருந்தது, அதை இந்த வருஷம் எடுத்துவிட்டார்களே, எடுத்தது அவனேதானே... விழுந்துவிட்டான். விழுந்துவிட்டான், பாலத்துக்கு அந்தப் பக்கம், முகம் குப்புறக் கிடக்கிறான், சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நில். பிரேக் பிடி. விரல் பிரேக்கின் மேல்தான் இருக்கிறது, பிடி... வளைவு வந்தது, சைக்கிள் தானாகச் சாய்ந்தது, அவளும் சாய்ந்தாள், வளைவோரத்து மண் சுவர் சக்கரத்தை உள்ளங்கையில் வாங்கி அடுத்த வளைவுக்குத் தூக்கிக் கொடுத்தது, அடுத்தது, அதற்கடுத்தது, ஆஸ்பென் மரங்களின் வெள்ளைத் தண்டுகள் இருபுறமும் ஓடின, அவற்றின் கறுப்புத் தழும்புகள் கண்களைப்போல... பின்னால் எதுவும் இல்லை, கேட்க எதுவும் இல்லை, காது அடங்கிவிட்டது, கேட்பதற்கு ஒன்றுமில்லாத காது எவ்வளவு லேசாக இருக்கிறது, தோள் இறங்கியது, முழங்கால் நெகிழ்ந்தது, அந்தப் பெரிய பாறை வருகிறது, எப்போதும் இடது பக்கம் சுற்றிக்கொண்டு போகிற பாறை, இடது பக்கம் திருப்பவில்லை, நேராகப் போனாள், பாறையின் முதுகில் ஏறி அந்தரத்தில் ஒரு கணம், அடிவயிற்றில் ஊஞ்சல் உச்சிக்குப் போனது மாதிரி... இறங்கினாள். சக்கரங்கள் இரண்டும் சத்தமில்லாமல் மண்ணைத் தொட்டன. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

சிரித்தபிறகுதான் சிரித்தது உறைத்தது. அவன் விழுந்துகிடக்கிறான் என்று நினைத்துக்கொண்டேவா சிரித்தேன்? எத்தனை வளைவு வந்திருக்கிறேன்? அவன் விழுந்துவிட்டான், இனிமேல் விழுவானோ என்று காத்திருக்க வேண்டியதில்லை... இப்படியா நினைத்தேன்? நினைக்கவில்லை. நினைக்கவில்லை, ஆனால் உடம்பு... இரண்டு பிரேக்கையும் ஒருசேர நெரித்தாள், பின்சக்கரம் இழுத்துக்கொண்டு குறுக்கே நின்றது.

"ஏய் ஏய் ஏய்!"

அவள் முதுகுக்குப் பின்னாலேயே. திரும்புவதற்குள் அவன் அவளை உரசாமல் கீழ்ச் சரிவுக்கு ஒடித்துத் திருப்பி, இடுப்புயரம் வளர்ந்த செடிகளுக்குள் போய், ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறந்து தோள்பட்டை மண்ணில் பட உருண்டான். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். அவன் அதற்குள் முழங்காலிட்டு எழுந்து வாயிலிருந்த இலையைத் துப்பினான்.

"தலை படல," என்றான் முதலில். "தோள்தான். தலை படல, மார்ன், என்னைப் பாரு. எதுக்கு நடுவழியில நின்ன? அறிவிருக்கா உனக்கு?"

"சத்தம் வரல."

"என்ன சத்தம்?"

"உன் ஃப்ரீவீல். பாலத்துல இருந்து வரல. நான் நீ விழுந்துட்டேன்னு..."

அவன் சிரிக்க ஆரம்பித்தான், தோளைப் பிடித்துக்கொண்டு, வலியோடு. "கிரீஸ் வெச்சு அடைச்சேன். மத்தியானம் நீ பர்ரிட்டோவுக்கு வரிசையில நின்ன இல்ல, அப்ப கடையில ஸ்பானர் வாங்கிக் கழட்டி, விரல் நிறைய கிரீஸ் அப்பி மாட்டிட்டேன். பூனை மாதிரி வரேன் இப்ப."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? காலைல பூரா நீ எங்க ஓட்டுன? என்னைக் கேட்டுக்கிட்டே வந்த. நான் தும்மினா நீ பிரேக் போடுற. எனக்கு அழுகையே வந்துருச்சு தெரியுமா." செடிகளுக்குள்ளிருந்து சைக்கிளை இழுத்து நிமிர்த்தினான், முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தான், நேராகத்தான் சுற்றியது. "ஆனா அந்தப் பாறை! நான் பின்னாலயேதான் வந்தேன், எல்லாத்தையும் பாத்தேன். சுத்திப் போவன்னு நினைச்சா, போனியே நேரா, அடிச்சுத் தள்ளிட்ட போ! சிரிச்சதுகூடக் கேட்டுச்சு. நான் இருக்கேன்னு நம்பிட்டா பாருடா, கடைசியில நம்பிட்டான்னு... எவ்வளவு நாளாச்சு உன்னை அப்படிப் பாத்து."

நம்பிவிட்டேனாம்... அவன் முகத்தில் மண்ணும் வியர்வையும், அதற்கு நடுவே போன ஆகஸ்டுக்கு முன்பிருந்த அந்தச் சிரிப்பு, அதைப் பார்க்கத்தானே இத்தனை மாதம் காத்திருந்தாள், இப்போது அதைப் பார்க்க முடியாமல் அவன் தோளில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள், தட்டிக்கொண்டே ஹெல்மெட்டை ஓரக்கண்ணால் பார்த்தாள், கீறல் இல்லை. சொல்லலாமா? நீ பின்னால் இருக்கிறாய் என்று நினைத்து நான் அந்தப் பாறையைத் தாண்டவில்லை, வெண், நீ இல்லை என்று நினைத்துத்தான்... இதை எப்படிச் சொல்வது, சொன்னால் இந்தச் சிரிப்பு எங்கே போகும், சொல்லாவிட்டால் இவன் இதை ஊரெல்லாம் சொல்லுவான், என் பெண்டாட்டி என்னை நம்பிவிட்டாள் என்று ஹட்லியிடம் சொல்லுவான். அந்த லேசு இன்னும் முழங்காலில் மிச்சமிருந்தது, வெட்கங்கெட்டதுபோல, போகமாட்டேன் என்றது. முகடுகளுக்குப் பின்னால் இடி உருண்டது, முதல் பெரிய துளிகள் செடிகளின் இலைகளில் விழுந்து தெறித்தன, மேலே எங்கோ லிஃப்ட்டின் இரைச்சல் ஓய்ந்து காடு திடீரென்று அகலமாயிற்று. அவன் சைக்கிளைத் தடத்துக்கு ஏற்றிக் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தான். எப்போது வைத்தாளோ தெரியவில்லை, அவள் கை அவனுடைய ஹேண்டில்பாரில், பிரேக்கின் மேல் அவன் விரல்களையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது.

"கீழ வரைக்கும் நான் தனியா போறேன், மார்ன்," என்றான் அவன், கெஞ்சுகிற குரலில், சிரிப்பு இன்னும் முழுசாகப் போகாமல். "நீ கொஞ்சம் பொறுத்து வா. உனக்காகவும்தான் சொல்றேன், அந்தப் பாறையில போன மாதிரி உன் பாட்டுக்குப் போகலாம். கையை எடுக்கிறியா?"