பன்றிக் கொட்டகை மேல் நீலத் தகரம்

புயல் நிவாரணத்துக்கு வந்த நீலத் தகரம் முழுக்க அமைச்சர் லோடோமாவின் பன்றிக் கொட்டகை மேல் ஜம்மென்று உட்கார்ந்திருப்பதை மெரேசேய்னி கண்டுபிடித்தாள். ஃபிஜிக்காரி, தன் ஊர்ப் பத்திரிகைக்காக இந்த வெய்லானாத் தீவில் செய்தி சேகரிப்பவள். எழுதி அனுப்புவதற்குள் விசா ரத்து, போனும் கேமராவும் பறிமுதல், சனிக்கிழமை விமானத்தில் மூட்டையைக் கட்டு என்று உத்தரவு வந்துவிட்டது. சனிக்கிழமை நீதிமன்றம் கிடையாது. அமைச்சர் விவரமானவர்தான்.

ஆனால் மழைக்கு யார் உத்தரவு போடுவது? விமானம் இறங்கவே இல்லை. மறுநாள் ஞாயிறு, ஓய்வுநாள். அன்றைக்கு இங்கே விமானம் என்ன, ஒரு தோணிகூட நகராது. காவலுக்கு வந்த சார்ஜன்ட் பேனி தலையைச் சொறிந்தார்.

"உன்ன லாக்கப்புல போட்டா நானும் அங்கயே உக்காரணும். நான் இல்லாம சர்ச்சுல பாட்டு படுத்துரும்."

"என்னையும் கூட்டிட்டுப் போங்கண்ணே. எங்க ஓடப் போறேன்? சுத்தியும் கடலு."

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல. அங்க யார்கிட்டயும் பேசக் கூடாது, ஆமா!"

சர்ச்சில் முதல் வரிசையில் அமைச்சர். ஞாயிறு ஆராதனை எல்லாத் தீவுகளுக்கும் வானொலியில் நேரடியாகப் போகும். ஆராதனை முடிகிற நேரத்தில் போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தீவை விட்டுப் போகிறவர்கள் சபைக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அரசாங்கம் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம் அது.

"நம்ம மெரே நாளைக்கு ஊருக்குப் போறா. வாம்மா, மைக்குக்கு வா."

அமைச்சர் எழுந்தே விட்டார். "போதகரே, அவ வந்து..."

"ஏன், அவ போகலையா?"

போகிறாள் என்று கையெழுத்துப் போட்டதே அவர்தான். சபை மொத்தமும் அவரைப் பார்த்தது. உட்கார்ந்துவிட்டார். பேனி பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

மெரே மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். பயம்தான், இல்லாமல் என்ன?

"இத்தன நாள் கிழங்கு அவிச்சுப் போட்டீங்க, மறக்க மாட்டேன். அமைச்சருக்கும் நன்றி. உங்கள்ல பாதிப் பேரு இன்னும் தார்ப்பாய்க்குக் கீழ நனையிறீங்க. அவரு பன்றிங்க மேல ஒரு சொட்டு விழல. மேல இருக்குறது உங்களுக்கு வந்த நீலத் தகரம். என் கண்ணால பாத்தேன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் யாருமே சிரிக்கவில்லை.

விசா திரும்பக் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை பேனிதான் அவள் பையைத் தூக்கிவந்தார். விமானத்தடியில் மெரே அதை வாங்கிக்கொண்டாள்.

"உங்க வேலைக்கு உலை வச்சுட்டேன். மன்னிச்சிருங்கண்ணே."

"மன்னிப்பு கிடக்கட்டும். என் வீட்டுக் கூரையும்தான் ஒழுகுது."

விமானம் மேலேறித் திரும்பியபோது கீழே கொட்டகை தெரிந்தது. அதன் கூரை மேல் ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். நீலத் தகரம் கைமாறிக் கைமாறி இறங்கிக்கொண்டிருந்தது. பன்றிகள் நாலாபக்கமும் ஓடின. மெரேவின் கை தானாகப் பைக்குள் போய்த் துழாவியது. கேமரா இல்லை. ஜன்னலில் நெற்றியைப் பதித்து, மேகம் மறைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.