அவிழும் முடிச்சு

...இங்கே இல்லை, இங்கேயும் இல்லை, அப்படியென்றால் எங்கே போயிருக்கும், ஒரு தையல் மெசினை விழுங்குகிற அளவுக்கு இந்த மண்ணுக்குப் பசியா என்று நினைத்துக்கொண்டே நேசமலர் இரும்பு அலவாங்கைக் குழிக்குள்ளிருந்து பிடுங்கினாள். வீட்டு வளவு முழுக்கக் குழி. காலையில் பக்கத்து வளவுப் பூரணமக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, "என்னடி பிள்ளை, தென்னை வைக்கப்போறியோ, இல்லாட்டி ஊரையே புதைக்கப்போறியோ?" என்று கேட்டாள், நேசமலருக்கும் சிரிப்பு வந்தது. மாரிகாலம் வருவதற்குள் எடுக்க வேண்டும், மழை விழுந்தால் இந்தக் குழிகளெல்லாம் குளமாகிவிடும். மாதர் சங்கத்தில் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள், பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற வேலை சொந்த மெசின் உள்ளவர்களுக்குத்தான், மெசின் இல்லாதவர்கள் அடுத்த வருசம் பார்க்கலாம் என்று. அடுத்த வருசம்! அதுவரைக்கும் வாயைத் தைத்துக்கொண்டா இருப்பது? ஆடைத் தொழிற்சாலைக்கும் போய்ப் பார்த்தாயிற்று, வயது கூடிவிட்டதாம், வயது என்ன அவள் கேட்டா கூடியது, போர் முடிந்து முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருத்தி வைத்த காலத்தையும் சேர்த்தல்லவா எண்ணுகிறார்கள்... கச்சான் கடலை விற்றாள், கல் உடைத்தாள், ஒன்றும் நிலைக்கவில்லை. மகள் சாருகா வவுனியாவில் விடுதிப்பிள்ளையாக இருக்கிறாள், தாய்க்குச் சோறு போட வக்கில்லாததால். போனமுறை பார்க்கப் போனபோது, எப்ப வீட்டை கூட்டிக்கொண்டு போவீங்கள் என்று பிள்ளை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய்யாவது சொல்லியிருக்கலாம், கேட்காமல் விட்டாளே.

வேம்பிலிருந்து கிணற்றைப் பார்த்து என்று மனுசன் சொன்னாரா, கிணற்றிலிருந்து வேம்பைப் பார்த்து என்று சொன்னாரா? எதைச் சொல்லியிருந்தால் என்ன, வேம்பே இல்லை, நின்ற இடம்கூடத் தெரியாமல் செல் குண்டு அள்ளிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு நேசமலருக்கு அவரோடு கோபம், சொன்னதை ஒழுங்காகக் கேட்கவில்லை. ஊரே சாமானைக் கட்டிக்கொண்டு ஓடுகிறது, உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் அரிசி மூட்டையும் அடுப்பும் ஏறுகிறது, அவளுடைய தையல் மெசினுக்கு மட்டும் இடமில்லை, அதை மண்ணுக்குள் தாட்டுவிட்டுப் போகலாம் என்கிறார் அருமைராசா. அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு சட்டிபானையைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். அவர் மண் பிடித்த கையோடு வந்து, "இஞ்சை ஒருக்கா வந்து இடத்தைப் பாத்து வையன்" என்றார். "எனக்கென்னத்துக்கு? நீங்கள்தானே வந்து கிண்டப்போறியள்." அவர் கையில் பிடித்திருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு சிரித்தார். "ஓம் ஓம், நான்தானே." அந்த 'நான்தானே'யைத்தான் அவள் இத்தனை காலமும் மடியில் முடிந்து வைத்திருக்கிறாள், முள்ளிவாய்க்காலில் தண்ணீர் எடுக்கவென்று பிளாஸ்டிக் கானோடு போன மனிதர் திரும்பி வராமல் போன பிறகும், விசாரிக்க வந்தவர்கள் மரணச் சான்றிதழ் எடுங்கோ உதவி கிடைக்கும் என்று நயமாகச் சொன்ன பிறகும். செத்தவரென்று எப்படி எழுதிக் கொடுப்பது? வந்து கிண்டித் தாறன் என்று ஒத்துக்கொண்ட மனிதர் அல்லவா? அப்படியென்றால் இப்போது அவள் கிண்டுவது சரியா... அவருடைய வேலையை அவரிடமிருந்து பறிப்பது மாதிரி இல்லையா? சீ, இதென்ன நினைப்பு, வெயில் மண்டையில் ஏறிவிட்டது.

தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போனாள். அங்கே ஒரு வாழைக்குட்டி நின்றது, யாரும் நடாதது, துலாவும் இல்லாத, பாத்தியும் இல்லாத இடத்தில் தன்பாட்டில் முளைத்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். வாழை... அன்றைக்குக் குழி வெட்டும்போது அவர் வாழையை ஏசினாரே! கேட்காதது போல் இருந்தாலும் காது கேட்டுக்கொண்டுதானே இருந்தது. "சனியன் பிடிச்ச வாழைக்கிழங்கு, மண்வெட்டியை விடுகுதில்லை." கோபத்தில் இடத்தைப் பார்க்காமல் விட்டாள், ஆனால் அவருடைய புறுபுறுப்பு எங்கேயோ உள்ளே கிடந்திருக்கிறது. இத்தனை நாளும் இல்லாத வேம்பைத் தேடி அலைந்த மூதேவி, என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு வாழையடியில் அலவாங்கை ஓங்கிப் போட்டாள். மண் இளகியது. இன்னும் போட்டாள். டங் என்றது.

அப்படியே நின்றுவிட்டாள். கண்ணிவெடி எடுத்தவர்கள் சிவப்புத் தடிகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்தான், பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள்தான், ஆனாலும் இரும்புச் சத்தம் கேட்டால் இந்த ஊரில் யார்தான் அடுத்த அடி வைப்பார்கள்? வேலிக்கு அந்தப்பக்கம் பூரணமக்காவின் உலக்கையும் நின்றது. "எடியே, அசையாதை! என்னது?" நேசமலர் மெதுவாகக் குந்தி, கையால் மண்ணை வழித்தாள். யூரியாப் பை. பைக்குள் வளைவாக, குளிராக, அவளுக்குத் தெரிந்த மெசின் உடம்பு. பையின் கிழிசலால் விரலில் ஒட்டியது உழவு மெசினுக்குப் போடுகிற கிறீஸ். அள்ளி அள்ளிப் பூசியிருக்கிறார், குழந்தைக்கு எண்ணெய் வைப்பதுபோல. அழுகையும் சந்தோசமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. சாருகா, பிள்ளை, அம்மா வாறனம்மா...

பூரணமக்கா வேலிப்பொட்டால் புகுந்து ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். "அட கோதாரி, முழுசாக் கிடக்குதடி! பொறு, கத்தி கொண்டு வாறன். உன்ரை மனுசன் கட்டினதெல்லோ, வெட்டத்தான் வேணும். அந்தாள் கட்டின ஆடு கயித்தோடைதானே கறியாகும்." உண்மைதான். விறகு கட்டினாலும் மூட்டை கட்டினாலும் அவர் போட்ட முடிச்சை அவர்தான் அவிழ்க்க வேண்டும், மற்றவன் பல்லுடைந்து போவான். நேசமலருக்குத் தெரிந்தது ஒரே ஒரு முடிச்சு, சாருகாவின் பின்னலுக்கு றிபன் கட்டுகிற முடிச்சு, சாக்கானாலும் பார்சலானாலும் அதையேதான் போடுவாள், "உதுவும் ஒரு முடிச்சோ, காத்தடிச்சாலே அவிண்டுபோமே" என்று அவர் நக்கலடிப்பார்.

நீல நைலோன் கயிற்றின் மேலிருந்த மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். இரண்டு காது, இரண்டு வால். றிபன் முடிச்சு. காதுகள் ஒன்று பெரிது ஒன்று சிறிது, பழக்கமில்லாத கை கட்டியது. கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தாள், றிபன் முடிச்சேதான். அப்படியென்றால் வாய் சிரித்துக்கொண்டு நான்தானே என்று சொன்னபோது, கை ஏற்கெனவே இதைக் கட்டிவிட்டு வந்திருக்கிறது... இடத்தைப் பார்த்து வை என்று கூப்பிட்டதும் அதற்குத்தானா? அப்போதே தெரியுமா அவருக்கு, இதை அவிழ்க்கப் போவது யாரென்று?

"என்னடி பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்? கத்தி வேணுமோ வேண்டாமோ?"

"வேண்டாமக்கா."

"பின்னை அவிழுமோ?"

"ஓம். நான் இழுத்தா அவிழும்."

கயிற்றின் ஒரு வாலை விரலில் பிடித்துக்கொண்டு, இழுக்காமல், குழிக்குள் காலை விட்டபடி அவள் இருந்தாள்.