பெரியாயியின் தனி அடுப்பு

பினாங்கிலிருந்து திரும்பி வந்த பெரியாயிக்கு எல்லோரும் சொன்ன புத்தி ஒன்றுதான்: கொஞ்ச நாள் சும்மா இரு. சும்மா இருக்க அவளுக்கு எங்கே தெரியும்? வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே முந்தியில் பணத்தை முடிந்துகொண்டு கொஸ்லந்தைக் கடைத்தெருவுக்கு இறங்கிவிட்டாள்.

புருஷன் பினாங்கு ரப்பர் தோட்டத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. அங்கே இருந்து என்ன செய்வது என்று, கப்பலும் ரயிலுமாக, தான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துக்கே வந்துவிட்டாள். வந்தது தங்கை தனலெட்சுமிக்காக. கூடப் பிறந்தவள் பக்கத்தில் மிச்ச காலத்தைக் கழித்துவிட வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

தங்கை புருஷன் மாடசாமி நல்ல மனிதன். மூன்று பிள்ளைகளோடு அவர்கள் இருந்த ஒற்றை அறையில் காலை நீட்டவே இடமில்லை. அதனால் கங்காணியிடம் கெஞ்சிக் கூத்தாடி, அதே லயத்து வரிசையில் அடுத்த அறையை மதினிக்கு வாங்கிக் கொடுத்தான். படுக்கை அங்கே, சாப்பாடு இங்கே என்று தனலெட்சுமி கறாராகச் சொல்லிவிட்டாள்.

அந்தச் சாப்பாடுதான் பெரியாயிக்குத் தொண்டையில் சிக்கியது. பினாங்கில் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்த ஒருத்தியை அவள் பார்த்திருக்கிறாள். அண்ணன் பெண்டாட்டி சோறு போடும்போது அகப்பையைச் சட்டியில் தட்டுகிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். அப்படியொரு சத்தம் தன் தங்கை வீட்டில் கேட்டுவிடக் கூடாது என்று கப்பலிலேயே முடிவு கட்டிக்கொண்டு வந்தவள் இவள். இல்லாத சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிறவளை என்னவென்று சொல்வது?

மொஹிதீன் முதலாளியின் கடையில் அவள் பானைகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தாள். சோற்றுக்கு ஒரு பானை, குழம்புக்கு ஒரு சட்டி, சிரட்டை அகப்பை, சொளகு, விளக்குமாறு, சிமினி விளக்கு, உப்பு, மிளகாய். சாமான்கள் சேரச் சேர அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பினாங்கிலும் இப்படித்தான் வாங்கினாள். ஊர் பேர் தெரியாத ஆட்கள் நடுவே, அவரவர் சாமான் அவரவருக்கு என்று வாழ்ந்து பழகிய கை அது. கடைசியாகச் சின்ன அம்மி ஒன்றைக் காட்டி, அதையும் எடுத்துவைக்கச் சொன்னாள். அதற்கு மேல் ஒரு தீப்பெட்டி.

மொஹிதீன் முதலாளி அம்மியைத் தொடாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, தங்கச்சியோட கோவமா?"

"அதெல்லாம் இல்லீங்க. யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுல்ல?"

அவர் மேலே கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் நுழைத்திருக்கலாம்.

கூலிக்கு ஒரு ஆளைப் பிடித்து அம்மியைத் தூக்கச் செய்து, மலையேறி லயத்துக்கு வந்து, எல்லாவற்றையும் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினாள். தனலெட்சுமி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். அம்மியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். ராத்திரிக்குச் சோறு கொண்டுவந்தவளிடம், இனிமேல் உனக்கு அந்தத் தொந்தரவே வேண்டாம், நான் வடித்துவிட்டேன் என்று பெரியாயி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னாள். தனலெட்சுமி தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

காலையில் எழுந்து தீக்குச்சியைக் கிழித்தால் அடுப்பு எரிந்தது. அம்மியில் இழுத்தால் மிளகாய் அரைந்தது. எதற்கும் வாசலைத் தாண்டத் தேவையில்லை. வெளியே லயத்துப் பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்கும். இவள் எட்டிப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். தங்கை பிள்ளைகள்கூட இவள் வாசலைக் கடக்கும்போது ஓடிக் கடந்தார்கள். ஒற்றை ஆள் சோற்றைப் பிசைந்துகொண்டு, பக்கத்து அறையில் தனலெட்சுமி பிள்ளைகளை அதட்டுவதைக் கேட்டபடி சாப்பிடுவாள். பினாங்கில் தனியாக இருந்தது இவ்வளவு வலிக்கவில்லை. அங்கே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாரோ.

ஒருநாள் மலையில், பெரியாயியோடு கொழுந்து எடுத்துக்கொண்டு பக்கத்து நிரையில் நின்ற லயத்துக்காரி ஒருத்தி, அக்காளும் தங்கச்சியும் எப்போதுதான் சமாதானம் ஆகப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டாள். பெரியாயி திகைத்துப்போய், எங்களுக்குள் சண்டையே இல்லையே என்றாள். பிறகு எதற்கு அம்மி வாங்கினாய், தீப்பெட்டி வாங்கினாய் என்றாள் அவள்.

பெரியாயிக்குக் கை நின்றுவிட்டது. அந்த லயத்தில் தீப்பெட்டி என்பது சண்டைக்காரர்கள் வாங்குகிற சாமான். காலையில் யார் அடுப்பு முதலில் பற்றுகிறதோ, அங்கே சிரட்டையை நீட்டித் தணல் வாங்கிக்கொண்டு போவார்கள். எல்லோருக்கும் தனலெட்சுமி வீட்டுப் பின்புறத்து அம்மிதான். முறை வைத்து அரைக்கிற அந்த நேரத்தில்தான் லயத்துப் பேச்செல்லாம் நடக்கும். முறைத்துக்கொண்டவர்கள் திட்ட மாட்டார்கள், தணல் கேட்டு வர மாட்டார்கள், அவ்வளவுதான். இதெல்லாம் பெரியாயிக்குத் தெரியாததா? குமரியாக இருந்தபோது அவளே ஒரு வீட்டோடு அப்படி முறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். கடலுக்கு அந்தப் பக்கம் போனவள், பிறந்த இடத்து வழக்கத்தையே மறந்து தொலைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அடுப்பு மூட்டவில்லை. மத்தியானம் வரை பொறுத்திருந்து, தங்கை வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"தனம், எனக்குச் சோறு போடு."

மாடசாமியும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்து வெளியே போயிருந்தார்கள். தனலெட்சுமி பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை.

பெரியாயி தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னாள். பினாங்கில் பார்த்த வீட்டை, அகப்பைச் சத்தத்தை, பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்ததை. தங்கை கழுவிய பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீ அம்மி வாங்கிட்டு வந்த பெறகும் என் கை கேக்கலக்கா," என்றாள் தனலெட்சுமி. "அரிசி அளக்கையில ஒனக்கும் சேத்துத்தான் அள்ளுச்சு. மிஞ்சுன சோத்த தெனமும் நாய்க்கு வச்சேன். அப்பறம் கை பழகிருச்சு."

"இன்னக்கி இல்லையா?"

"இன்னக்கி இல்ல. நாளைக்கு வேணும்னா சொல்லு, கூடப் போடுறேன்."

வேணும் என்றாள் பெரியாயி. தனலெட்சுமி தலையாட்டிவிட்டு, அக்காளுக்கு உட்கார ஒரு பலகையை எடுத்துப் போட்டாள். வெளி ஆட்கள் வந்தால் போடுகிற பலகை. பெரியாயி அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, மழை வருமா, பிள்ளைக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். தங்கை எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்து, வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள். சும்மா எழுந்து போகிற வீடாக இருந்தது, இப்போது சொல்லிக்கொண்டு போகிற வீடாகிவிட்டது.