பாய் இழுக்குது

"அம்மா, இங்கன பாய் இழுத்துக்கிட்டு கெடக்கு. யாரையாவது வெரசலா அனுப்புங்க" என்றான் போனில் குருசாமி. பருத்திக் காட்டுக் காவல்காரனான அவன் சொன்னது கப்பல் பாயை. ‘கெடக்காவ’ என்னாமல் ‘கெடக்கு’ என்கிறானே என்று இலக்கணம் பார்க்கும் நிலையில் தௌலத் பேகம் இல்லை. விடியுமுன்னே காட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்த கணவர், அங்கே கடைசி மூச்சில் கிடக்கிறார் என்றே புரிந்துகொண்டாள். அப்துல் நாசர் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கியிருந்தார்கள். தன் சாவுக்கு இவ்வளவுதான் கூட்டமா என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

நாசர் தீப்பெட்டி ஏற்றுமதிக்காரர். தூத்துக்குடியிலிருந்து ஆப்பிரிக்கா போகும் சரக்குக் கப்பலில் பாய் கட்டினால் பாதி எண்ணெய் மிச்சம், போட்ட முதல் பத்தே வருஷத்தில் திரும்பிவிடும் என்று ஒரு கம்பெனி சொன்னது. கடலில் சோதிக்கச் செலவாகுமாம். விளாத்திகுளம் ரோட்டில் அவருடைய கரிசலிலேயே பாய்மரத்தை நட்டுப் பாயைக் கட்டிவிட்டார்கள்.

அன்று நாசர் போனபோது காட்டில் காற்றே இல்லை. சுற்றிலும் காற்றாலைகள் செத்து நின்றன. பருத்தி இலைகூட அசையவில்லை. பாய் மட்டும் வயிறு புடைத்து நின்றது. இழுவையைக் காட்டும் கருவியின் முள் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

வெயிலிலும் டை கழற்றாத கம்பெனி இயக்குநர் ஜெயபாண்டி, காற்றில்லாமலே இழுப்பதால் முதல் திரும்பும் பத்து வருஷம் இரண்டாகிவிட்டது என்று போனில் யாருக்கோ இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தார். ஏன் இழுக்கிறது என்பதற்கு அவருடைய கணக்கில் கட்டம் இல்லை.

நாசருக்கு அந்த முள்ளின் தாளம் பழகியதாகப் பட்டது. மூச்சை அடக்கிப் பார்த்தார். முள் நின்றது. விட்டார். இறங்கியது.

"எப்பலே ஆரம்பிச்சுது?" என்று குருசாமியிடம் கேட்டார்.

"வெள்ளனயே, பாய். நடுவுல ஒருக்கா நின்னுபோச்சு. பொறவு மறுபடி இழுக்கவும்தான் பயந்துபோயி போன் அடிச்சேன்."

குளியலறையில் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டதை நாசர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

ஜெயபாண்டி போனை வைத்தார். "ரிசல்ட் வந்தாச்சு. பாயை இறக்கிரு, குருசாமி."

"நிக்கட்டுமே சார்" என்றார் நாசர். "நெலத்துக்கு வாடகை வேண்டாம்."

"சும்மா நிக்க விட்டா முதல் தேறாது, பாய்."

குருசாமி பாய்க் கயிற்றின் முடிச்சில் கை வைத்துவிட்டு நாசரைப் பார்த்தான். கரிசல் வெடிப்புகளின் மேல் பாயின் நிழல் மெல்லப் புடைத்து, அமுங்கி, அடுத்த புடைப்புக்குக் கொஞ்சம் தாமதித்தது.